ஜங்கிள் கார்னா, கிரீம்சிக்கிளா, கார்பாண்ட்ரோவா?

சாரையும் நல்ல பாம்பும் பின்னிப் பிணைந்ததைப் பார்த்தேன் என்று சொல்ல ஒருத்தராவது இல்லாத ஊர் நம் பக்கம் கிடையாது. அதன் மேல் வெள்ளைத் துணியைப் போட்டு, பிறகு எடுத்துப் பெட்டியில் வைத்தால் பணம் பெருகும் என்று எங்கள் அப்பத்தா நம்பினார். நிஜத்தில் அது இரண்டு ஆண் சாரைகள் மல்லுக்கட்டுவது. சாரை வேறு குடும்பம், நாகம் வேறு குடும்பம், குட்டி பிறக்க வழியே இல்லை. ஆனால் நான் இப்போது இருக்கும் டெக்சாஸில், சாரையின் தூரத்துச் சொந்தமான பாம்புகளை வைத்துக் கராஜிலேயே உண்மையான கலப்புப் பாம்பு உருவாக்குகிறார்கள். நானும் ஆறு வருடமாக அதில்தான் இருக்கிறேன். தலைப்பில் உள்ள மூன்று கலப்புகளில் எதில் ஆரம்பிக்கலாம் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இது.

முதலில் ஒன்று. கலப்பு என்றாலே கோவேறு கழுதை மாதிரி மலடாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறார்கள். குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, அதனால்தான் அங்கே கணக்கு இடிக்கிறது. அமெரிக்காவின் விஷமில்லாத பாம்புகளான கார்ன் ஸ்நேக், கிங் ஸ்நேக் இரண்டிலுமே 36. நெருங்கிய உறவு வேறு. பிறக்கும் குட்டி வளர்ந்து தானும் முட்டை வைக்கும். வசதியும் இதுதான், வம்பும் இதுதான்.

ஜங்கிள் கார்ன் என்பது கார்ன் ஸ்நேக்கையும் கலிஃபோர்னியா கிங் ஸ்நேக்கையும் சேர்த்தது. இரண்டுக்குமே இரண்டு மூன்று மாதம் தீனி இல்லாமல், 12, 13 டிகிரியில் குளிர்காலம் கொடுத்தால் வசந்தத்தில் ஒரே சமயத்தில் தயாராகிவிடும். சிக்கல் என்னவென்றால், கிங் ஸ்நேக் காட்டில் மற்ற பாம்புகளையும் தின்று வாழும் ஜாதி. அதனால் ஆண் கிங்குக்கு வயிறு நிறையத் தீனி போட்டு, பெண் கிங் உரித்த சட்டையைக் கார்ன் மேல் நன்றாகத் தேய்த்து, வாசனையால் ஏமாற்றித்தான் உள்ளே விட வேண்டும். அப்போதும் நிம்மதி கிடையாது. ஏனென்றால் ஆண் கிங் இணைசேரும்போதே பெண்ணின் கழுத்தைக் கவ்வும் பழக்கம் உள்ளது. அது ஆசையா பசியா? முதல் தடவை நான் கண்ணாடிக்கு முன்னால் கால் மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உடம்போடு உடம்பு நீளவாக்கில் ஒட்டிப் படுத்திருந்தால் சரி, கழுத்தைச் சுற்றிச் சுருள் போட ஆரம்பித்தால் அது சாப்பாடு. எனக்கு இரண்டாவது தடவை சுருள் போட்டது. இரண்டையும் அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் பிடித்த பிறகுதான் விட்டது. பெண் பிழைத்தது, ஆனால் அந்த வருடம் முட்டை இல்லை.

ஆனால் இணை மட்டும் சேர்ந்துவிட்டால் மீதி சுலபம். 28 டிகிரியில் அடை வைத்தால் இரண்டு மாதத்தில் பொரித்துவிடும், குட்டிகள் முதல் சட்டை உரித்த கையோடு பிங்கி எலியை (முடி முளைக்காத எலிக்குஞ்சு) விழுங்கும். கட்டம், கோடு, புள்ளி என்று ஒன்று போல ஒன்று இருக்காது. ஒரே டப்பாவில் மட்டும் வைக்காதீர்கள், கிங் ரத்தம் தம்பி தங்கை பார்க்காது.

கிரீம்சிக்கிள் இதற்கு நேரெதிர். கறுப்பு நிறமி இல்லாத கார்ன் ஸ்நேக்கையும் எமோரி எனப்படும் கிரேட் பிளெயின்ஸ் ரேட் ஸ்நேக்கையும் சேர்த்து வருவது. ஒரு காலத்தில் எமோரியைக் கார்ன் ஸ்நேக்கின் துணையினம் என்றே வகைப்படுத்தியிருந்தார்கள், அவ்வளவு நெருக்கம். (இரண்டுக்கும் நடுவே லூசியானா, கிழக்கு டெக்சாஸ் பக்கம் இருக்கும் பாம்பை 2002இல் தனி இனமாகப் பிரித்து ஸ்லோவின்ஸ்கி என்ற பாம்பு ஆராய்ச்சியாளரின் பெயரை வைத்தார்கள். அவர் அதற்கு முந்தைய வருடம்தான் மியான்மரில் கட்டுவிரியன் கடித்து இறந்துபோனார்.) இணைசேர்ப்பதில் எந்த நாடகமும் இல்லை. வேண்டியது பொறுமை. முதல் தலைமுறை பழுப்பாகத்தான் வரும், அதற்கு ரூட்பியர் என்று பெயர். அந்த ரூட்பியர் ஜோடியை மூன்று வயது வரை வளர்த்துத் திரும்பச் சேர்த்தால்தான் நாலில் ஒன்று அந்த ஆரஞ்சு ஐஸ் நிறத்தில் வரும். ஆக, பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் ஐந்தாறு வருடம். குட்டிகள் கார்ன் குட்டிகளைவிடப் பெரிதாகப் பொரிப்பதால் தீனி தின்ன வைக்கும் பாடு குறைவு.

அப்படியானால் புதியவர்களுக்கு இதுதானே நல்லது என்றால், ஆமாம், ஆனால் எனக்கு மிகவும் கோபம் வருவதும் இதன் மேல்தான். ஒரு கண்காட்சியில் சுத்தமான கார்ன் என்று சொல்லி விற்றதை வாங்கி மூன்று வருடம் வளர்த்தேன். குட்டிகள் பொரித்து வந்தபோது அளவும் நிறமும் உதைத்தது. விற்றவருக்குப் போன் போட்டால், "அதன் பாட்டி ரூட்பியர்தான், அதனால் என்ன?" என்றார். அதனால் என்னவா! ஜங்கிள் கார்னைப் பார்த்த மாத்திரத்தில் ஏதோ கலப்பு என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். கிரீம்சிக்கிள் இரண்டு தலைமுறை கார்னோடு சேர்ந்துவிட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அல்ட்ரா என்ற நிறமாற்றம் கிரே ரேட் ஸ்நேக்கிலிருந்து கார்னுக்குள் வந்தது என்றுதான் வளர்ப்பவர்களில் பலர் சொல்கிறார்கள், ஆனால் அதை இன்று சாதாரணக் கார்ன் வகையாகவே விற்கிறார்கள். சுலபமாக உருவாகும் கலப்பு சுலபமாகத் தொலைந்தும் போகிறது.

கார்பாண்ட்ரோ பணக்காரர் சமாச்சாரம். கார்பெட் பைத்தானும் கிரீன் ட்ரீ பைத்தானும் சேர்ந்தது. குட்டியாக இருக்கும்போது மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும், வளர வளர நிறம் மாறி எந்தப் பச்சையில், எந்த நீலத்தில் போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் காத்திருப்புக்காகவே வாங்குகிறார்கள். தூய கிரீன் ட்ரீயைவிடத் தாக்குப்பிடிக்கும், ஈரப்பதம் கொஞ்சம் தவறினாலும் மன்னிக்கும். பல் நீளம், கையை நீட்டினால் மட்டும் அது மன்னிக்காது. கார்பெட் பைத்தானின் ஜாகுவார் என்ற நிறமாற்ற மரபணு சேர்ந்த ஜாக்பாண்ட்ரோ வேண்டவே வேண்டாம் என்பேன். ஜாகுவாருக்கு நரம்புக் கோளாறு கூடவே வரும், பலவற்றுக்குத் தலை ஆடும். அழகுக்காக அதைக் கலப்பில் வேறு ஏற்றுவது எனக்கு ஒப்பவில்லை. கலப்பைத் தூய வகை என்று விற்கும் ஆபத்து இங்கே குறைவு, ஏனென்றால் கிரீன் ட்ரீ வளர்ப்பவர்கள் அரு தீவா, பியாக் தீவா என்று பூர்வீகம் வரை கேட்காமல் காசை எடுக்க மாட்டார்கள்.

பர்மீஸ் பைத்தானோடு, பந்து போலச் சுருளும் பால் (Ball) பைத்தானைச் சேர்க்கும் பர்ம்பால் பற்றியும் கேட்கிறார்கள். விட்டுவிடுங்கள். பர்மீஸை 2012இல் அமெரிக்க அரசு கேடு விளைவிக்கும் இனப் பட்டியலில் சேர்த்தபோது அதன் கலப்பையும் சேர்த்தேதான் சேர்த்தது. ஃப்ளோரிடா எவர்கிளேட்ஸில் பிடித்த சுமார் 400 பாம்புகளின் மரபணுவைப் பார்த்ததில் 13இல் நம்ம ஊர் மலைப்பாம்பின் தடம் இருந்ததாக 2018இல் வெளியிட்டார்கள். வளர்ப்பில் நடந்த கலப்போ என்னவோ, சதுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: நம் நாட்டுப் பாம்பை வளர்க்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது, சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பைத்தான் என்றால் 2024 விதிப்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிய வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டியில் சுருட்டி வந்து சென்னை விமான நிலையத்தில் மாட்டிக்கொள்பவர்கள் செய்தியை நீங்களே படித்திருப்பீர்கள்.

எனக்கு ஒன்றுதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் ஜங்கிள் கார்ன். முட்டைக்கு அலைய வேண்டும், ஆனால் யாரையும் ஏமாற்றாது. இப்போதைக்கு கராஜில் ஒரு ரூட்பியர் ஜோடி மூன்றாவது குளிருக்குக் காத்திருக்கிறது. டப்பா மூடியில் அப்பன், ஆத்தா, பாட்டி வரை மார்க்கரால் எழுதி, அதன் மேல் டேப்பும் ஒட்டிவிட்டேன்.