செகண்ட் ஹேண்ட் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960: பழைய கான்ஃபிக் அழிகிறதா?

லேபில் நெட்வொர்க்கிங் பழக இந்த ஸ்விட்ச் (பல கணினிகளை ஒரே நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி) தாராளமாகப் போதும். ஃபேன் சத்தம்தான் கொஞ்சம் படுத்தும். வாங்கியதும் முதல் வேலை, பழைய ஓனர் விட்டுப்போன கான்ஃபிக்கை, அதாவது செட்டிங்குகளைத் துடைப்பது.

பாஸ்வேர்டு தெரிந்தால் சுலபம். கணினியிலிருந்து கன்சோல் கேபிளைச் செருகி 9600 பாட் வேகத்தில் நுழைந்து, எனேபிள் மோடில் (முழு உரிமையுள்ள நிலை) ‘ரைட் இரேஸ்’ கட்டளையைக் கொடுங்கள். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் விலான்கள் (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பவை) ஃபிளாஷ் நினைவகத்தில் ‘விலான்.டாட்’ என்ற தனிக் கோப்பில் அப்படியே இருக்கும். அதையும் ‘டெலிட்’ செய்ய வேண்டும். விட்டால் ஆபத்து: விடிபி (விலான் பட்டியலை ஸ்விட்சுகளிடையே பகிரும் முறை) டொமைன் பெயர் ஆபீஸ் ஸ்விட்சுகளோடு ஒத்து, இதன் ரிவிஷன் எண் அதிகமாக இருந்தால், டிரங்கில் (ஸ்விட்சுகளை இணைக்கும் லிங்க்) மாட்டியதும் ஆபீஸ் விலான்கள் மொத்தமும் காலி! பிறகு ‘ரீலோட்’ கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். சேமிக்கவா என்று கேட்டால் ‘நோ’. ‘யெஸ்’ அடித்தால் பழையது திரும்ப உட்கார்ந்துகொள்ளும்.

பாஸ்வேர்டு தெரியாவிட்டால், மோட் பட்டனை அழுத்தியபடியே பவர் கொடுங்கள். ‘சிஸ்ட்’ (சிஸ்டம்) விளக்கு ஆம்பர் நிறமாகிப் பச்சையில் நின்றதும் விடலாம். கன்சோலில் ‘ஃபிளாஷ்_இனிட்’ கொடுத்து, செட்டிங்குகள் உள்ள ‘கான்ஃபிக்.டெக்ஸ்ட்’, ‘விலான்.டாட்’ இரண்டையும் நீக்கி, ‘பூட்’. ஸ்விட்சின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் ‘.பின்’ கோப்பில் மட்டும் கை வைக்காதீர்கள்.