பிரிட்டன் வரலாற்றுச் சுவர்ப்படம்: வாங்கலாம், கூடவே ஒரு மார்க்கரும் வாங்குங்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துக் கடைகளில் இப்போது கிடைக்கும் தமிழ்ச் சுவர்ப்படம் இது. 6 அடி நீளம், 2 அடி உயரம். கி.மு. 55-இல் ஜூலியஸ் சீசர் கரையிறங்கியதில் தொடங்கி ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்ற 2016 வாக்கெடுப்பில் முடிகிறது. எட்டாக மடித்தது 280 ரூபாய், மேலும் கீழும் கட்டை வைத்துச் சுருட்டியது 450. பிரிட்டன் வரலாற்றை முதன்முதலாகப் பார்க்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும், டிகிரியில் சரித்திரம் எடுத்தவர்களுக்கும் ஒரே படம் போதும் என்கிறார்கள். போதும்தான், சில இடங்களைத் திருத்திக்கொண்டால்.

வாங்கியதும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். கி.பி. 43 முதல் நார்மன் படையெடுப்பு நடந்த 1066 வரை ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு 20 சென்டிமீட்டர். 1485 முதல் 1603 வரை ஆண்ட டியூடர் அரச வம்சத்தின் 118 ஆண்டுகளுக்கு 30. எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியருக்கும் தனித்தனி வட்டப்படம் போட்டிருக்கிறார்கள், இடமெல்லாம் அங்கேதான் போயிருக்கிறது. ஒரு காலத்தைப் பெரிதாகக் காட்டுவது தப்பில்லை. அளவு மாறுகிறது என்று ஒரு மூலையில்கூடச் சொல்லாததுதான் தப்பு. ரோமானியர் வந்தார்கள், சுவர் கட்டினார்கள், போய்விட்டார்கள் என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும். ரோமப் பேரரசர் கிளாடியஸின் படை இறங்கிய 43-லிருந்து ரோமானிய ஆட்சி விலகிய 410 வரை 367 ஆண்டுகள். முதலாம் எலிசபெத் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தது 1600 டிசம்பர் 31. அன்றிலிருந்து நமக்குச் சுதந்திரம் வந்த நாள்வரை எண்ணினாலும் 347 ஆண்டுகள் முழுதாக ஆகவில்லை.

இதற்கு வழி ஒரு நூல்தான். படத்துக்குக் கீழே 210 செ.மீ. நூலை இழுத்துக் கட்டி, 10 ஆண்டுக்கு 1 செ.மீ. என்று வைத்து முடிச்சுப் போடுங்கள். ரோமானியர் காலம் 36.7 செ.மீ. வரும், 410 முதல் 1066 வரை 65.6, டியூடர் 11.8, அவர்களுக்குப் பின் வந்த ஸ்டூவர்ட் வம்சம் 11.1. நூல் படத்தைத் தாண்டி ஒரு சாணுக்கு மேல் நீளும், நீளட்டும். மேலே பெரிதாகத் தெரியும் டியூடர் கட்டம் கீழே ஒரு விரல் நீளத்தில் அடங்குவதைப் பார்த்தாலே பாதிப் பாடம் புரிந்துவிடும்.

படத்தின் நல்ல பகுதி அடியில் ஓடும் 'நம்ம பக்கம்' என்ற மெல்லிய பட்டை. மேலே ரோமானியப் பிரிட்டன், கீழே கோயம்புத்தூர் வட்டாரத்திலும் திருச்சூர்ப் பக்கத்து எய்யாலிலும் கிடைத்த ரோமானியக் காசுகள். மேலே 1830-இன் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில், கீழே 1862-இல் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பேப்பூர் வரை முடிந்த மதராஸ் பாதை. 1790-இல் பாலக்காட்டுக் கோட்டை கம்பெனியிடம் வீழ்ந்தது, 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் மலபார் கைமாறியது, 1800-இல் அது பம்பாயிடமிருந்து மதராஸ் மாகாணத்துக்கு மாறியது எல்லாமே சரியான இடத்தில் இருக்கின்றன. இதில் ஒன்றை மட்டும் கையால் சேர்க்கலாம். ரோமானியர் வட பிரிட்டனில் ஹேட்ரியன் சுவரைக் கட்டத் தொடங்கியது 122-இல். அந்தச் சுவருக்குச் சற்றுத் தெற்கே விண்டோலாண்டா கோட்டையில் மண்ணிலிருந்து எடுத்த மெல்லிய மரத்தகட்டுக் கணக்கு ஒன்றில் மிளகு வாங்கியதற்கு 2 டெனாரி (ரோமானிய வெள்ளிக் காசு) என்று எழுதியிருக்கிறது. அந்தக் காலத்து மிளகு எந்தக் கரையிலிருந்து கப்பலேறியது என்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெரிய குறை வேறு. படம் நெடுக ஓடுவது இங்கிலாந்து அரியணையின் கதை, தலைப்பு மட்டும் பிரிட்டன். வீட்டில் வெள்ளைக்காரன், பள்ளிப் புத்தகத்தில் ஆங்கிலேயர், மலையாளத்தில் சாயிப்பு என்று எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம், படமும் அதையே செய்கிறது. மலபார் கலெக்டராக இருந்த வில்லியம் லோகன் ஸ்காட்லாந்துக்காரர். மதராஸ் கவர்னர் தாமஸ் மன்றோவும் கிளாஸ்கோவில் பிறந்தவர். இருவரையும் 'ஆங்கிலேய அதிகாரி' என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

1603 கட்டத்தில் 'முதலாம் ஜேம்ஸ், பிரிட்டனை ஒன்றாக்கினார்' என்று இருக்கிறது. ஸ்காட்லாந்தில் அவர் ஆறாம் ஜேம்ஸ், அங்கே ஏற்கெனவே அரசர். 1603-இல் கிரீடங்கள் ஒரு தலையில் சேர்ந்தன, நாடாளுமன்றங்கள் 1707 வரை இரண்டாகவே இருந்தன. 1707 கட்டத்துக்கு அருகில் அச்சிட்டிருக்கும் கொடியை உற்றுப் பாருங்கள்: வெள்ளைக் குறுக்குப் பட்டைக்குள் சிவப்புக் குறுக்குப் பட்டை தெரிகிறது. அது அயர்லாந்தின் புனித பேட்ரிக் சிலுவை, 1801-இல் அயர்லாந்தை இணைத்தபோது வந்தது. 1606-இல் ஜேம்ஸ் காலத்தில் உருவான கொடியில் இங்கிலாந்தின் நேர்ச் சிலுவையும் ஸ்காட்லாந்தின் குறுக்குச் சிலுவையும் மட்டும்தான். 1707-க்கும் அதுதான் பொருந்தும். வேல்ஸ் எங்கே என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். 1536, 1543 சட்டங்களால் வேல்ஸ் அதற்கு முன்பே இங்கிலாந்தின் சட்ட அமைப்புக்குள் சேர்ந்துவிட்டது, அதனால் கொடியில் தனி இடம் கிடைக்கவில்லை.

சின்னத் தப்புகளும் உண்டு. மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனத்தின் படத்தில் ஜான் மன்னர் இறகுப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். 1215 ஜூனில் ரன்னிமீட்டில் நடந்தது கையெழுத்தல்ல, அரச முத்திரை. பத்து வாரத்துக்குள் போப் அதைச் செல்லாததாக்கினார் என்பதும், திருத்தி மீண்டும் வெளியிட்ட 1225-ஆம் ஆண்டுப் பிரதிதான் பிறகு நிலைத்தது என்பதும் படத்தில் இல்லை. இரண்டாம் ஜேம்ஸ் அரியணை இழந்த 1688-க்கு 'இரத்தம் சிந்தாப் புரட்சி' என்று தலைப்பு. இங்கிலாந்து அளவுக்கு ஏறக்குறைய சரி. ஆனால் அதன் தொடர்ச்சியாக அயர்லாந்தில் 1690-இல் பாய்ன் போர் நடந்தது, ஸ்காட்லாந்தின் கிளென்கோவில் 1692-இல் மெக்டொனால்டு குலத்தாரில் சுமார் 38 பேர் கொல்லப்பட்டார்கள். 1832-க்கு 'மக்களுக்கு வாக்குரிமை' என்று போட்டிருப்பது ரொம்ப அதிகம். அந்த ஆண்டின் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகும் இங்கிலாந்து, வேல்ஸில் வயது வந்த ஆண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் ஓட்டு. பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமாகக் கிடைத்தது 1928-இல். அயர்லாந்தில் 1845-இல் தொடங்கிய பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்ததற்கு ஒரே வரி, 1851 லண்டன் கண்காட்சிக்கு உள்ளங்கை அளவு படம்.

முதலாம் சார்லஸைத் தலைவெட்டிய ஆண்டு மேல்வரிசையில் 1649, ஓரத்து அரசர் பட்டியலில் 1648. இதை அச்சுப்பிழை என்று அடித்துவிடாதீர்கள். அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25-இல்தான் பிறக்கும். அதனால் ஜனவரி 30-இல் நடந்தது அக்காலக் காகிதங்களில் 1648 என்றே இருக்கும். 1752-இல் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது புத்தாண்டு ஜனவரி 1-க்கு வந்தது, செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆனது. பட்டியலைத் தயாரித்தவர் இரண்டு இடங்களிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார், அவ்வளவுதான். 1649 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்தங்களுக்கு ஓ.எச்.பி. மார்க்கரில் பெர்மனன்ட் வகை வாங்குங்கள், லேமினேஷன் மேல் நிற்கும். தப்பாக எழுதிவிட்டால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். தண்ணீரில் அழியும் வகை வேண்டாம், பிள்ளைகள் கை பட்டே போய்விடும்.

280 ரூபாய்ப் படத்தைத் தவிர்ப்பது நல்லது. நடு மடிப்பு சரியாக 1485 மேல் விழுகிறது, ஐந்தாறு தடவை விரித்து மடித்தால் லேமினேஷன் வெள்ளையாக உடைந்து டியூடர் ஆட்சியைத் தொடங்கிவைத்த பாஸ்வர்த் போரே தெரியாது. கட்டை வைத்ததிலும் மேல் கயிறு ஒரே ஆணிக்குத்தான் வருகிறது. மார்கழி, தையில் கணவாய்க் காற்று அடிக்கும்போது படம் சுவரில் அறைந்துகொண்டே இருக்கும். கீழ்க்கட்டையின் இரண்டு முனையிலும் கொக்கி அடித்துக் கட்டுங்கள். டியூப்லைட்டுக்கு நேர் எதிரே மாட்டினால் பளபளப்பில் நடுப்பகுதி கண்ணுக்கே தெரியாது, பக்கச் சுவர்தான் சரி.

வலது ஓரத்தில் 2016-க்குப் பிறகு 6 செ.மீ. வெறும் இடம் இருக்கிறது. 2020 ஜனவரி 31 ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகல், 2022 செப்டம்பர் 8 இரண்டாம் எலிசபெத் மறைவு, 2023 மே 6 மூன்றாம் சார்லஸ் முடிசூட்டு. மூன்றையும் சின்ன எழுத்தில் எழுதினாலும் இன்னும் நாலு வரிக்கு இடம் மிஞ்சும்.