காணாமல் போனவரின் சொத்து வழக்கு: மஞ்சக்குப்பத்து வக்கீல் அலுவலகம் ஒன்றைப் பற்றி

ஆள் காணாமல் போய் ஏழு வருஷம் கடந்துவிட்டால் தாசில்தாரிடம் மனு கொடுத்து வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிடலாம் என்று நம்புகிறவர்கள் கடலூரில் நிறையப் பேர். அப்படிக் கிடைக்காது. பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 111ஆம் பிரிவு (2024 ஜூலைக்கு முன் சாட்சியச் சட்டம் 108) தரும் இறப்பு அனுமானம் (ஏழு வருஷம் தகவலே இல்லாதவர் இறந்ததாகக் கொள்வது), கோர்ட்டில் கேள்வி எழுந்தால்தான் செல்லும். இதை வந்தவரிடம் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுவது இந்த அலுவலகத்தின் பெரிய பலம்.

காகிதம் சரிபார்ப்பதில் இவர்கள் கெட்டி. எஃப்.ஐ.ஆர். நகல், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் அறிக்கை இரண்டும் எல்லா வக்கீலும் கேட்பவை. இவர்கள் காணாமல் போனவரின் வங்கிக் கணக்கு விவரத்தையும் கேட்கிறார்கள். ஏழு வருஷம் எண்ணப்படுவது புகார் கொடுத்த நாளிலிருந்து அல்ல, ஆளைப் பற்றிக் கடைசியாகத் தகவல் வந்த நாளிலிருந்து. நடுவில் ஒரு ஏ.டி.எம். பணம் எடுப்பு இருந்தால், அவர் உயிரோடு இருந்தாரா என்று குறுக்கு விசாரணையில் அதையே பிடித்துக்கொள்வார்கள். புகார் தாமதமாகக் கொடுத்திருந்தால், தேடியதற்கு ஆதாரமாக அன்றைய பத்திரிகை விளம்பரம், கடிதம் எல்லாம் வேண்டும்.

பிராதையும் (வழக்கு மனு) கவனமாகவே எழுதுகிறார்கள். இறந்ததாகக் கோர்ட் அறிவிக்கும் விளம்புகை கேட்பதோடு, இறப்பைப் பதிந்து சான்றிதழ் தரும்படி பதிவாளருக்கு உத்தரவும் கேட்கிறார்கள். அவரையும் பிரதிவாதியாகச் சேர்க்கிறார்கள். இந்த இரண்டாவது பரிகாரத்தை விட்டுவிட்டு, டிகிரியை (கோர்ட்டின் தீர்ப்பாணை) கையில் வைத்துக்கொண்டு பதிவாளர் அலுவலகத்துக்கு அலைகிற குடும்பங்கள் உண்டு. அரசுத் தரப்பு பிரதிவாதி என்பதால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அவசரப்படுத்தாதீர்கள்.

குறை, தேதி விஷயத்தில். அனுமானம் ஆள் இறந்ததைச் சொல்லுமே தவிர, என்றைக்கு இறந்தார் என்று சொல்லாது. எல்.ஐ.சி. வழக்கொன்றில் 2004இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. பிரீமியம் கட்டாமல் பாலிசி காலாவதியாகிவிட்டால், அதற்கு முன்பே இறந்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு குடும்பத்தின் தலையில் விழும். ஆகவே பிரீமியத்தைத் தொடர்ந்து கட்டச் சொல்ல வேண்டும். இங்கே நாமாகக் கேட்டால்தான் சொல்கிறார்கள். பங்கும் தேதியைப் பொறுத்தே மாறும். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. மகன் காணாமல் போன பிறகு தாய் இறந்திருந்தால், அவர் வழியாக மற்ற மகன், மகள்களுக்கும் பங்கு போகுமா என்பது மகன் இறந்த தேதியில்தான் நிற்கிறது. அவர்களைச் சேர்க்காமல் போட்ட வழக்கு பின்னால் பட்டா மாற்றத்தில் வந்து முட்டும்.

இன்னொன்று: சிறிய டெபாசிட்டுக்கும் கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்று மனு போடச் சொல்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல்படி, குறிப்பிட்ட வரம்புக்குள் எஃப்.ஐ.ஆர்., போலீஸ் அறிக்கை, ஈட்டுறுதிப் பத்திரம் (பின்னால் இழப்பு வந்தால் ஈடுகட்டுவதாக எழுதிக் கொடுப்பது) மூன்றையும் வைத்தே வங்கி பணம் தரலாம். முதலில் கிளையில் கேட்டுப் பாருங்கள்.

புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு எச்சரிக்கை. காணாமல் போனவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று பிரான்சிலேயே வாழ்ந்தவர் என்றால், பிரெஞ்சுச் சட்டக் கணக்கு வேறு: காணாமல் போனதைக் கோர்ட் பதிவுசெய்த தீர்ப்பிலிருந்து 10 வருஷம், அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் 20 வருஷம். இந்த அலுவலகத்துக்கு அதில் பழக்கமில்லை. புதுச்சேரியிலேயே அந்தச் சட்டம் தெரிந்தவரைப் பிடியுங்கள்.

கட்டணம் கட்டம் கட்டமாக, ரசீதோடு. ஆனால் டிகிரிக்குப் பிந்தைய பதிவாளர், தாசில்தார் வேலைகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அந்தத் தொகையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.