டோனரை மாற்றும் முன் ஸ்கேலை எடுங்கள்: ஆறு வருட லேசர் பிரிண்டர் அனுபவம்

என்னிடம் இருப்பது கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர், டிரம்மும் (படத்தைத் தாளில் பதிக்கும் உருளை) டோனரும் (மைத் தூள் பெட்டி) தனித்தனியாகக் கழற்றுகிற வகை. ஆறு வருடமாக ஓடுகிறது. முதல் இரண்டு வருடம் எழுத்து மங்கினாலும் சரி, கோடு விழுந்தாலும் சரி, யோசிக்காமல் புது டோனர் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். அதில் பாதி தண்டச் செலவு.

புத்தி வந்தது ஒரு கறுப்புப் புள்ளியால். ஒவ்வொரு தாளிலும் இடது ஓரத்தில், ஒரே நேர்கோட்டில், மூன்று இடத்தில் அதே புள்ளி. டோனரை மாற்றியும் போகவில்லை. கடுப்பில் ஸ்கேலை வைத்து அளந்தால் புள்ளிக்குப் புள்ளி 94 மில்லிமீட்டர், இம்மியும் பிசகவில்லை. உள்ளே சுற்றுகிற உருளை ஒன்றில் ஓரிடத்தில் அழுக்கோ கீறலோ இருந்தால், அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தாளில் பதியும். அப்படியானால் இந்த 94தான் அந்த உருளையின் சுற்றளவு, 3.14ஆல் வகுத்தால் விட்டம் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர். என் டிரம் அதே அளவு! கழற்றிப் பார்த்தேன், எப்போதோ ஸ்டிக்கர் தாளில் அச்சடித்தபோது ஒட்டிய பசைத் துளி. உலர்ந்த பஞ்சால் பொறுமையாகத் துடைத்ததும் போய்விட்டது. நகம் வைத்துச் சுரண்டிவிடாதீர்கள், கீறல் விழுந்தால் டிரம் அவ்வளவுதான். வெளிச்சத்திலும் அதிக நேரம் வைக்கக் கூடாது.

அப்புறம் மேலிருந்து கீழாக விழும் கறுப்புக் கோடு. என்னுடையதில் டிரம்மின் மேல் ஒரு சின்னப் பிடி இருக்கிறது, அதை இடமும் வலமுமாகப் பத்துத் தடவை நகர்த்தினால் கொரோனா கம்பியில் (டிரம்முக்கு மின்னூட்டம் கொடுக்கும் மெல்லிய கம்பி) படிந்த தூசு போய்விடும். முடித்ததும் பிடியைப் பழைய இடத்திலேயே நிறுத்த வேண்டும். நான் ஒருமுறை நடுவில் விட்டுவிட்டு, புதிதாக ஒரு பட்டை வருகிறதே என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கோடு கறுப்பாக இல்லாமல் வெள்ளையாக இருந்தால் லேசர் ஒளி வரும் கண்ணாடியில் தூசு படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

விரலால் தேய்த்தால் எழுத்து உதிர்கிறதா? டோனர் தூள் பெரும்பாலும் பிளாஸ்டிக், ஃபியூசர் என்ற சூடாக்கும் பகுதியின் சூட்டில் உருகித்தான் தாளில் ஒட்டுகிறது. தடித்த தாளை வைத்துவிட்டு அமைப்பில் சாதாரணத் தாள் என்றே விட்டிருந்தேன், சூடு போதவில்லை. தாள் வகையை மாற்றியதும் சரியானது. மழைக்காலத்தில் திட்டுத் திட்டாக மங்கியதற்குக் காரணம், கட்டைப் பிரித்துத் திறந்தபடியே வைத்திருந்த ஈரத் தாள்தான்.

தூள் சிந்தினால் வீட்டு வேக்குவம் கிளீனரைப் போடாதீர்கள், அவ்வளவு நுண்ணிய தூள் அதன் வடிகட்டியைத் தாண்டி அறை முழுக்கப் பறக்கும். துணியில் பட்டால் குளிர்ந்த தண்ணீர் மட்டும். வெந்நீர் ஊற்றினால் கறை நிரந்தரம்.

இப்போது பக்கம் முழுக்க லேசான சாம்பல் நிறம் படிகிறது. டோனர் போன மாதம் போட்டதுதான், டிரம்தான் ஆறு வருடப் பழசு. இந்தத் தடவை டிரம்மைத்தான் மாற்றப் போகிறேன்.