ரீலோடிங் பிரஸ்: சிங்கிள் ஸ்டேஜா, புரோகிரசிவ்வா?

சுட்டு முடிச்ச காலி கேஸை (தோட்டாவோட உலோகக் கூடு) மறுபடி தோட்டாவா ஆக்குற கருவிதான் ரீலோடிங் பிரஸ். புதுசா கத்துக்கிறவங்களுக்கு நான் சிங்கிள் ஸ்டேஜ்தான் சொல்லுவேன், ஒரு நேரத்துல ஒரே டை (கேஸ் மேல வேலை செய்யுற அச்சு), ஒரே வேலை, தப்பு எங்கன்னு உடனே தெரிஞ்சிடும். பல டை ஒரே நேரத்துல வேலை செய்யுற புரோகிரசிவ்ல லிவரை ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் ஒரு ரவுண்டு (முழு தோட்டா) வரும், வேகம்தான், ஆனா ஷெல் பிளேட் (கேஸ்களைப் பிடிச்சு சுத்துற தட்டு) போல்ட் லூசா இருந்தா பிளேட் சாஞ்சு கேஸ்ல புல்லட் (முனையில இருக்கிற குண்டு) உக்கார்ற ஆழம் ஒண்ணுக்கொண்ணு மாறும், ரொம்ப இறுக்கிட்டா பிளேட் சுத்தாம முரண்டு பிடிக்கும். பிளேட் அடியில நாலஞ்சு பவுடர் (வெடிமருந்து) துகள் சிக்கினாலே பிரைமர் (கேஸ் அடியில இருந்து பவுடரைப் பத்தவைக்கிற சின்ன மூடி) முழுசா உள்ள போகாது, விரலால தடவிப் பாருங்க, கேஸ் அடிமட்டத்தை விட ஒரு இழை உள்ள இருக்கணும்.

நடுவுல ஜாம் ஆச்சுன்னா தயவுசெஞ்சு பலம் போட்டு அழுத்தாதீங்க, பிளேட்ல இருக்கிற எல்லா கேஸையும் எடுத்துட்டு முதல்லேர்ந்து ஆரம்பிங்க, இல்லன்னா ஒரே கேஸ்ல ரெண்டு தடவை பவுடர் விழுந்து துப்பாக்கியே வெடிச்சிடலாம்.