கோணேசர் கோயிலுக்கு ‘டிக்கெட்’ விற்பவரிடம் கவனம்

கொழும்பிலிருந்து திருகோணமலை, பொலன்னறுவைப் பக்கம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போக நினைப்பவர்கள் பஸ்ஸுக்கு அட்வான்ஸ் கட்டுமுன் இதை ஒருதடவை வாசியுங்கள். போன மாதம் எங்கள் வகுப்பில் 42 பேர் ஆளுக்கு 6,500 ரூபாய் போட்டோம். மொத்தம் 273,000. காசு சேர்த்தது நான். அதனால் திட்டு வாங்கியதும் நான்தான்.

யோசனை தொடங்கியது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். பொலன்னறுவைச் சிவன் கோயில் இடிபாடுகளில் கிடைத்த வெண்கலத் திருமேனிகள் அங்கே இருக்கின்றன. நடராசர் முன்னால் நின்று, “இவர் இருந்த இடத்தைப் போய்ப் பார்க்க வேணும்” என்றாள் ஒருத்தி. “அப்படியே கோணேசரையும் கும்பிட்டு வருவோம்” என்றாள் இன்னொருத்தி. வெள்ளி இரவு வெளிக்கிட்டு, காலையில் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், பின்னேரம் பொலன்னறுவை, இரவே திரும்புவது என்று திட்டம் போட்டோம்.

ஏஜெண்ட் ஒரு தோழியின் அண்ணாவுக்குத் தெரிந்தவர். வெள்ளவத்தையில் ஒரு தேநீர்க் கடையில் வைத்துப் பேசினோம். அலுவலகம் என்று ஒன்றும் இல்லை, கையில் இரண்டு போன், அவ்வளவுதான். “தங்கச்சி, நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வேணாம், எல்லாம் உட்பட” என்று சொல்லி, பளபளவென்று ஒரு சிவப்பு ஏசி பஸ்ஸின் படத்தைக் காட்டினார். 49 சீட்டாம். விவரம் எழுதித் தரச் சொன்னபோது வட்ஸ்அப்பில் நாலு வரி வந்தது. பஸ், காலைச் சாப்பாடு, மதியம் சைவச் சாப்பாடு, கடைசியாக ‘எல்லா இடத்துக்கும் என்ட்ரன்ஸ் டிக்கெட், ஆளுக்கு 1,200’.

அந்தக் கடைசி வரியிலேயே நான் விழித்திருக்க வேண்டும். கோணேசர் கோயிலுக்குள் போக என்ன டிக்கெட்? வேண்டுமானால் அர்ச்சனைச் சீட்டு வாங்கலாம். பொலன்னறுவையில் டொலர் கணக்கில் டிக்கெட் வாங்குவது வெளிநாட்டவர்கள். எங்களுக்கு அங்கே அடையாள அட்டையோடு வேலை முடிந்தது. ஆக, 42 பேரின் 50,400 ரூபாய் இல்லாத ஒரு டிக்கெட்டுக்குப் போனது. இதையெல்லாம் வாசலில் போய் நின்ற பிறகுதான் கணக்குப் பார்த்தேன்.

இரவு பத்து மணிக்கு வரவேண்டிய பஸ் 1.15க்கு வந்தது. சிவப்பும் இல்லை, ஏசியும் இல்லை. முன்கண்ணாடியில் ரூட் நம்பர் ஸ்டிக்கரைப் பாதி சுரண்டியிருந்தார்கள், ஒரு 1 மட்டும் மிச்சம் நின்றது. சீட்டை எண்ணினோம், 37. கொழும்பின் காலி வீதியில் (Galle Road), அந்த நேரத்தில், பெற்றோர் வேறு பக்கத்தில் நிற்க, வேண்டாம் என்று திருப்பி அனுப்பவா முடியும்? முழுக் காசையும் முதல் நாளே கட்டியாகிவிட்டது. ஐந்து பேர் பைகளின் மேல் உட்கார்ந்து வந்தார்கள்.

குருநாகல் தாண்டிப் பொலிஸ் மறித்தது. ரூட்டில் ஓடும் தனியார் பஸ் தன் பாதையை விட்டு ட்ரிப் போவதென்றால் அதற்குத் தனிப் பர்மிட் வேண்டும். இந்த பஸ்ஸிடம் அது இல்லை. அங்கே ஒன்றரை மணித்தியாலம் போனது. அப்புறம் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் டயர் வெடித்தது. ஸ்பெயார் டயரை இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. டிரைவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்த லொறியில் ஏறிக் கந்தளாய்க்குப் போனார். நாங்கள் றோட்டோரத்தில் குந்தியிருந்து, நேற்றைய பாணில் ஜாம் தடவிய காலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டோம்.

கோணேசர் கோயில் இருக்கும் பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டும்போது பன்னிரண்டரை. உள்ளே மரநிழலில் மான்கள் படுத்திருந்தன. எங்களைப் பார்த்து ஒன்றுகூட எழும்பவில்லை. வெயிலில் ஏறி மேலே போனால் உச்சிக்காலப் பூசை முடிந்து நடை சாத்தியிருந்தது, இனிப் பின்னேரம்தான் திறப்பார்களாம். சம்பந்தர் இந்தக் கரைக்கே வராமல் இராமேச்சரத்தில் நின்று கோணேசரைப் பாடினார் என்பார்கள். நாங்கள் வாசல் வரைக்கும் வந்தும் பார்க்கவில்லை. என் தோழி ஒருத்தி அம்மா தந்துவிட்ட பட்டுத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு மூடிய கதவைப் பார்த்தபடி நின்றாள். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கோயிலருகே பாறையில் உள்ள பிளவான இராவணன் வெட்டை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினோம். கன்னியாவை விட்டுவிட்டோம். ‘சைவச் சாப்பாடு’ப் பார்சலைப் பிரித்தால் சோற்றுக்குள் பொரித்த மீன்துண்டு.

பின்னேரம் வரை நின்று கும்பிடுவதா, பொலன்னறுவைக்குப் போவதா என்று பஸ்ஸுக்குள் சண்டை. போவது என்று முடிவானது. ஹபரணைச் சந்தியில் டிரைவர் பஸ்ஸை ஓரம்கட்டினார். பொலன்னறுவைக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும், அவர் திரும்பவில்லை. தன் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். அதில் சிங்களத்தில் ஒரே ஒரு ஊரின் பெயர், திருகோணமலை. பக்கத்தில் 85,000. போய்வர அவ்வளவுதான் அவருக்குப் பேச்சு. பொலன்னறுவை என்று யாரும் சொல்லவே இல்லை, மேலதிகக் கிலோமீற்றருக்கு 15,000 தந்தால் போகலாம் என்றார். நியாயமாகத்தான் கேட்டார், அந்த மனிதர்மேல் எனக்குக் கோபமில்லை. ஏஜெண்டின் இரண்டு போனும் ஓஃப். கையில் இருந்த சில்லறை, திரும்பி வர வைத்திருந்த ஓட்டோக் காசு எல்லாம் சேர்த்து 15,000 கொடுத்தோம்.

போய்ச் சேர ஐந்து மணி தாண்டிவிட்டது. மூடப் போகிறோம், கெதியாய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்கள். கல் விகாரைக்குப் போக நேரமில்லை. பதினான்கு மீற்றர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரை நான் இன்னும் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். இரண்டாம் சிவ தேவாலயத்துக்கு மட்டும் ஓடினோம். பொலன்னறுவையைச் சோழர் சனநாதமங்கலம் என்று அழைத்த காலத்துக் கோயில் அது. முழுக்கக் கல். சோழ அரசி ஒருத்தியின் பெயரில் வானவன்மாதேவி ஈச்சரம். சுவரில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. போன் வெளிச்சத்தில் விரலை வைத்து ஒரு ‘ம’வையும் ஒரு ‘ன’வையும் கண்டுபிடித்தோம். மூன்றாவது எழுத்துக்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

வீடு வர விடியற்காலை இரண்டரை. யானை நடமாட்டத்தால் ஹபரணைப் பக்கம் ஊர்ந்துதான் வந்தோம்.

திங்கட்கிழமை ஏஜெண்டின் போன் உயிர்த்தெழுந்தது. “டயர் வெடிச்சது என்ட பிழையா தங்கச்சி?” பொலன்னறுவையைப் பற்றிக் கேட்டால், “அது டிரைவரோட பிரச்சினை.” டிக்கெட் காசைக் கேட்டதும் 10,000 தருகிறேன் என்றார். அதுவும் இன்னும் வரவில்லை. நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற போன் இலக்கத்தில் அழைத்தேன். பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். என்னிடம் இருப்பது வட்ஸ்அப்பின் நாலு வரியும், ஒரு தனி ஆளின் கணக்குக்குக் காசு போட்ட வங்கிச் சிலிப்பும். இரண்டையும் கொடுத்திருக்கிறேன். பர்மிட் விஷயத்தைத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 என்ற இலக்கத்துக்கும் சொல்லியிருக்கிறேன்.

பஸ்ஸை வாடகைக்கு (ஹயர்) பேசும்போது பஸ் நம்பரையும் சொந்தக்காரரின் போன் நம்பரையும் கேளுங்கள். தரத் தயங்கினால் எழும்பி வந்துவிடுங்கள். பர்மிட்டைப் பஸ் புறப்படும் முன் உங்கள் கண்ணால் பாருங்கள். போகும் ஊர்கள் அத்தனையும், மொத்தக் கிலோமீற்றரும், டிரைவரின் பாட்டாவும் (படிக்காசும்) ஒரே தாளில் இருக்க வேண்டும். அதே தாளின் பிரதி டிரைவர் கையிலும் இருக்க வேண்டும். பாதிக் காசாவது திரும்பி வந்து இறங்கும் வரை உங்களிடமே இருக்கட்டும்.

நேற்று இரவு அவருடைய வட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். ஆவணி மடுத் திருவிழா ட்ரிப், எல்லாம் உட்பட, மாணவர்களுக்கு விசேட விலை. கீழே அதே சிவப்பு பஸ்.