சட்டமறுப்பு இயக்கம் வீடியோ பாடம்: 5-க்கு 4 நட்சத்திரம்

பத்தாம் வகுப்பு படிக்கும் மகனுக்காக வாங்கிய வரலாற்று வகுப்பு. ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் எனக்கு. ராத்திரி கடை அடைத்துவிட்டு வந்து அவனோடு உட்கார்ந்து நானும் பார்த்தேன். மற்ற பாடங்கள் சுமார்தான். சட்டமறுப்பு இயக்கப் பாடம் ஒன்றுக்கே காசு கொடுக்கலாம்.

தண்டி யாத்திரைக்கு உடனே போய்விடாமல், 1930 ஜனவரியில் காந்தி வைஸ்ராய் இர்வின் முன் வைத்த 11 கோரிக்கைகளில் தொடங்குகிறார் ஆசிரியை. ஒவ்வொன்றையும் எழுதிப் போட்டு, “இது யாருக்கு வேணும்?” என்று கேட்கிறார். உப்பு வரியை நீக்குவது எல்லாருக்கும். நிலவரியைப் பாதியாக்குவது குஜராத் பட்டிதார்கள் போல நிலம் வைத்திருந்தவர்களுக்கு. விளைச்சலுக்கு விலை சரிந்து, வரி மட்டும் அப்படியே நின்ற நேரம் அது.

ரூபாயின் மதிப்பைப் பிரிட்டிஷ் நாணயத்தில் 1 ஷில்லிங் 6 பென்சிலிருந்து 1 ஷில்லிங் 4 பென்சாக இறக்கச் சொன்னது யாருக்காக? இங்கே அவர் போடும் கணக்கு அருமை. ஒரு பவுண்டு விலையுள்ள இங்கிலாந்தின் லங்காஷயர் துணி அன்றைய விகிதத்தில் 13 ரூபாய் 5 அணா சொச்சம். கேட்டபடி இறக்கியிருந்தால் 15 ரூபாய். வெளிநாட்டுத் துணி விலை ஏறினால் உள்ளூர் மில்காரருக்கு என்ன லாபம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை! தொழிலதிபர்கள் பிர்லாவும் புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸும் நாட்டோடு சேர்த்துத் தொழிலையும் பார்த்தார்கள் என்பதை ஆசிரியை மறைக்கவுமில்லை, கேலி செய்யவுமில்லை.

அப்புறம் பட்டியலில் இல்லாதவற்றுக்கு வருகிறார். குத்தகை விவசாயி ஜமீன்தாருக்குத் தர வேண்டிய பாக்கி தள்ளுபடியாகும் என்று நம்பினான். தொழிலாளிக்குக் கூலி உயர வேண்டும். இரண்டுமே அந்த 11-இல் கிடையாது. பாக்கியைத் தொட்டால் நிலக்காரர் விலகுவார், கூலியைத் தொட்டால் முதலாளி விலகுவார். அப்படியும் நிலக்காரர்கள் கடைசிவரை நிற்கவில்லை. 1931 மார்ச்சில் காந்தி–இர்வின் ஒப்பந்தம் வந்து, நிலவரி குறையாமலே போராட்டம் நின்றது. 1932-இல் மறுபடி தொடங்கியபோது பலர் வரவில்லை.

குறைகளும் உண்டு. பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறார். என்ன எதிர்பார்த்து வந்தார்கள் என்பதே இல்லை. அம்பேத்கர் தாழ்த்தப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதி ஏன் கேட்டார் என்று சொல்லாமல் நேராகப் பூனா ஒப்பந்தத்துக்குப் போய்விடுகிறார். என் மகன் அதை வேறெங்கோ தேடிப் படித்தான். முஸ்லிம்களின் தயக்கத்துக்கு இரண்டே வரி. தமிழில் நடத்தும் பாடத்தில் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம். ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்துபோனதும், அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டியதும் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

கூட வரும் வினாத்தாளை அச்செடுத்துக் காசை வீணாக்காதீர்கள். முழுக்கப் பொருத்துக, கோடிட்ட இடங்களை நிரப்புக.